இறங்க இன்னொரு ஊர்

விமானத்தை நிறுத்திவிட்டார் என்கிற செய்தி என் கணவருக்கு முன்பாகவே வீடு வந்து சேர்ந்துவிட்டது.

விருதுநகரில் மாமாவுக்கு மிளகாய் வற்றல், பருப்பு மண்டி. மாமா என்று நான் சொல்வது என் மாமனாரை. டெலிபோன் மண்டியில்தான் இருந்தது, வீட்டில் கிடையாது. நல்லதோ கெட்டதோ, மாமா நடந்து வந்து சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். அன்று காலைச் சாப்பாடு முடித்து மண்டிக்குப் போனவர், குழந்தைக்கு நான் கஞ்சி ஊட்டி முடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டார். வாசல் தொட்டியில் கால் கழுவவில்லை. சட்டையிலிருந்து வந்த வற்றல் நெடியில் குழந்தை தும்மினாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றேன்.

"ஏன் தாயி, நேத்து சாயங்காலம் ஒன் வீட்டுக்காரன் மதுரையில ப்ளேனை நிறுத்திப்புட்டானாம்."

எனக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே மாமா?"

"ஒண்ணும் ஆகலை. அதான வில்லங்கமே!" என்றார் மாமா.

அந்த விமானத்தில் போக வேண்டியவர்களில் மாமாவின் மதராஸ் ஏஜெண்டும் ஒருவர். மாமாவுக்கு மண்டி போக, தாயில்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியும் உண்டு. அந்தச் சரக்கில் பெரும்பகுதியைத் தீபாவளி சீசனுக்கு எடுத்து விற்பவர் அவர்தான். எங்கள் பக்கத்துக்காரர், மதராஸில் போய்க் கடை வைத்துப் பெரிய ஆளானவர். என் அம்மா வழியில் எனக்குப் பெரியப்பா முறை வேண்டும். ஆவணியின் கடைசி முகூர்த்த நாளான முந்தின நாள் இரவு அவருடைய மகளுக்கு நிச்சயம். சிவகாசியில் வேலை இருந்ததால் கடைசி நேரம்வரை தங்கிவிட்டு, விமானத்தில் போனால் பொழுது சாயுமுன் வீட்டில் இருக்கலாம் என்று மதுரைக்குப் போயிருக்கிறார். விமானம் கிளம்பவில்லை. ரயிலைப் பிடித்து விடிந்த பிறகு போய் இறங்கியபோது, பெண்ணின் சித்தப்பா தட்டு மாற்றி முடித்திருந்தார்.

"மதராஸ்ல மழையே பெய்யலையாம். காத்துகூட அடிக்கலையாம்" என்றார் மாமா. "எல்லாரும் சட்டை நனையாம வந்து வெத்தலை பாக்கு வாங்கிட்டுப் போயிருக்காக. பொண்ணைப் பெத்தவன் மட்டும் ரயில்ல ஒக்காந்திருக்கான்."

அத்தை அடுப்படியிலிருந்து வந்து நின்றார். "எம் மகன் நிறுத்தினானா? அவன் சொன்னா ப்ளேன் நின்னுருமா?"

அத்தைக்கு அது பெருமையா கவலையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

என் கணவரின் வேலை என்னவென்று எங்கள் இரண்டு வீட்டிலும் யாருக்கும் சரியாகப் புரிந்ததில்லை. கல்யாணப் பேச்சின்போது 'ஏரோப்ளேன் ஆபீஸ்' என்று சொன்னார்கள். அப்போது அவர் மதுரை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை எடை பார்க்கும் இடத்தில் இருந்தார். மகள் என் வயிற்றில் இருந்தபோது டிஸ்பாட்சர் பயிற்சிக்குத் தேர்வானார். ஒருநாள் அத்தை அவரைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டார்.

"நீ ப்ளேன் ஓட்டுதியா?"

"இல்லம்மா."

"டிக்கெட்டுக் குடுக்கியா?"

"இப்ப அதும் இல்ல."

"பின்ன என்னதான் பண்ணுத?"

"கெளம்பலாமா வேண்டாமான்னு பாத்துச் சொல்லுதேன்."

"அதுக்கு ஒரு சம்பளமா? அதை நான் இந்த வீட்டுல சும்மால்ல சொல்லிக்கிட்டிருக்கேன்!"

அவர் சிரித்தார். ஆனால் அவர் சொன்னது முழு உண்மை. விமானத்தில் எவ்வளவு பேர், எவ்வளவு சரக்கு, எவ்வளவு பெட்ரோல், போகும் வழியில் எப்படிப்பட்ட மேகம், இறங்கும் ஊரில் என்ன காற்று என்றெல்லாம் கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுத வேண்டும். கேப்டனும் டிஸ்பாட்சரும் இருவருமே கையெழுத்துப் போட்டால்தான் விமானம் நகரும். கேப்டனுக்குத் தோளில் பட்டை உண்டு, பயணிகள் எழுந்து நின்று வணக்கம் சொல்வார்கள். என் கணவருக்குக் காதில் செருகிய பென்சில்தான். அவர் முகத்தை எந்தப் பயணியும் பார்த்ததில்லை. தேறிவிட்டால் மதராஸ், பம்பாய், கல்கத்தா என்று பெரிய ஊர்களுக்குப் போகலாம், சீனியர் ஆகலாம், ஒரு ஸ்டேஷனுக்கே பொறுப்பாகவும் ஆகலாம் என்பார். தேறாவிட்டால் மறுபடி பெட்டி எடை பார்க்கும் இடம்தான்.

பரீட்சைக்கு அவரைத் தயார் செய்தது ஒரு வகையில் நானும்தான். நான் பள்ளி இறுதி வகுப்புவரை படித்தவள். அவர் விடுமுறைக்கு விருதுநகர் வரும்போதெல்லாம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பேன். எந்த மேகம் எந்த உயரத்தில் இருக்கும், எது வெறும் பஞ்சு, எது உள்ளே இடியை வைத்திருக்கும் என்று அவர் சொல்வார். இடிமேகத்தின் தலை கொல்லன் பட்டறைக்கல் போலத் தட்டையாக விரிந்திருக்கும் என்பது எனக்கு அப்படித்தான் மனப்பாடமானது. பரீட்சையில் தேறிவிட்டார். ஆனால் அங்கீகாரம் டெல்லியிலிருந்து வர வேண்டும். அதுவரை சீனியர் ஒருவரின் மேற்பார்வையில்தான் அவர் கையெழுத்துச் செல்லும். அந்தச் சீனியர் காய்ச்சலில் படுத்திருந்த நாளில்தான், போன் மூலம் அவருடைய அனுமதியை வாங்கிக்கொண்டு, என் கணவர் விமானத்தை நிறுத்தியிருக்கிறார்.

வார விடுமுறைக்கு அவர் வந்தபோது மாமா வீட்டில் இல்லை. அத்தை வேண்டுமென்றே கோயிலுக்குப் போய்விட்டார். போகும்போது என் காதில், "ஏத்தா, ஒன் பேச்சைக் கேப்பான். பக்குவமா எடுத்துச் சொல்லு" என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்கள். ஏஜெண்டுப் பெரியப்பா விமானக் கம்பெனியில் புகார் கொடுத்துவிட்டார். விசாரணை வரப்போகிறது. 'உங்க மகன் எங்கிட்ட வந்து, தப்பு நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், புகாரை நானே வாபஸ் வாங்கிக்கிடுதேன். சொல்லலைன்னா இந்தச் சீசன் சரக்கை நான் வேற கம்பெனியில பாத்துக்கிடுதேன்' என்று மாமாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார். மாமா அதற்கு மேலும் ஒன்று சேர்த்திருந்தார். அந்த வேலையே வேண்டாம், விட்டுவிட்டு வந்து தாயில்பட்டிக் கம்பெனியைப் பார்க்கட்டும்.

சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். பக்குவமாகத் தொடங்க நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"மழை பெய்யலையாமே?"

"பெய்யலை."

"அப்ப கெளம்பியிருந்தா நல்லபடியாப் போய்ச் சேந்திருக்குமா?"

"சேந்திருக்கும்."

"பின்ன ஏன் நிறுத்துனீக?"

சோற்றைப் பிசைந்த கை நின்றது. "நீயும் கேக்கியா? சரி, கேளு. போற ஊர்ல எறங்க முடியலைன்னா எறங்குறதுக்கு இன்னொரு ஊரை முதல்லயே எழுதியாகணும். மதராஸ்னா எங்களுக்குத் திருச்சி. அன்னைக்கு மதராஸ் பக்கம் இடிமேகம்னு வந்துச்சு. கொஞ்ச நேரத்துல திருச்சியிலயும் மேகம் தரையோட எறங்கிட்டுன்னு வந்துச்சு. ரெண்டும் இல்லைன்னா திரும்ப மதுரைக்கே வரணும். அம்புட்டு பெட்ரோல் போடணும்னா எடைக்கு நாலஞ்சு பேரை எறக்கணும். எறங்க ஒருத்தரும் சம்மதிக்கலை. அடுத்த ரிப்போர்ட் வரட்டும்னேன். ரிப்போர்ட் நல்லதா வரதுக்குள்ள இருட்டிப்போச்சு. ராத்திரி கெளம்ப நம்ம ஊர்ல வெளக்கு வசதி கெடையாது."

"கேப்டன் என்ன சொன்னாக?"

"சாயங்கால மழைதானப்பா, நாம போறதுக்குள்ள ஓஞ்சிரும், போலாம்னாரு." மோரை ஊற்றிக்கொண்டார். "அவரு சொன்ன மாதிரிதான் ஆச்சு."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். இல்லை. அந்தத் தாளை மறுபடி மறுபடி மனதுக்குள் எடுத்துப் பார்க்கிற ஆளின் குரலாக இருந்தது. அந்தக் குரலை எனக்குத் தெரியும். அது என்னுடையது. குழந்தைக்கு மேல் சுட்டால் மருந்து கொடுத்திருக்க வேண்டாமோ என்றும், கொடுக்காவிட்டால் கொடுத்திருக்க வேண்டுமோ என்றும் கட்டிலைச் சுற்றி நடக்கிறவள் நான்.

"பெரியப்பாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிருமாமே?"

"தப்புன்னா?"

"சும்மா ஒப்புக்கு."

"நிறுத்துனது தப்புன்னு நானே சொல்லிட்டா, நாளைக்கு நான் ஒண்ணை நிறுத்தும்போது எந்தக் கேப்டன் நிப்பான்? என் கையெழுத்துக்கு அப்புறம் என்ன மதிப்பு?"

அத்தை திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு எச்சில் தட்டை எடுத்தேன்.

அதன் பிறகு வந்த வாரங்களில் நான் சரியாகச் சாப்பிட்ட நினைவில்லை. வேலையை விடச் சொல்வதா, வேண்டாமா? அவர் கையெழுத்துப் போட்ட ஒரு விமானம் போய்ச் சேராமல் போனால், அந்தத் தாளோடு அவர் எப்படி உயிர் வாழ்வார் என்று நினைத்தால், விட்டுவிட்டு வந்துவிடட்டும் என்றிருக்கும். வந்தால் எங்கே வருவார்? மருந்துக்கு நடுவில். எங்கள் பக்கத்தில் பட்டாசுக்குள் அடைக்கிற வெடிப்பொடியை மருந்து என்றுதான் சொல்வோம், வெறும் மருந்து. அந்த வேலைக்குப் போனவர்களின் கைகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். என் பள்ளிக்கூடத் தோழியின் அப்பாவுக்கு ஒரு கையில் விரல்களே இல்லை. எங்களுக்கு அவர் மறு கையால்தான் மிட்டாய் கொடுப்பார். ஆகாயத்துக்குப் பயந்து என் கணவரைக் கூட்டிவந்து மருந்து ஷெட்டுக்குள் நிறுத்துவதா? எந்தப் பயத்தோடு குடும்பம் நடத்துவது சுலபம் என்று யாரிடம் கேட்பது? அத்தையிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நம்ம கம்பெனியில என்ன பயம்? பூமியிலதான நிக்கோம்" என்றார் அத்தை.

விசாரணை பூஜை விடுமுறை முடிந்ததும் மதராஸில் என்று முடிவானது. அதற்கு முன் ஆயுத பூஜை வந்தது. அன்று கம்பெனியில் வேலை கிடையாது. குடும்பத்தோடு தாயில்பட்டி போய், தராசுக்கும் சல்லடைக்கும் திரி வெட்டுகிற கத்திக்கும் சந்தனம் வைத்துக் கும்பிட்டு, வேலைக்காரர்களுக்குப் பொரிகடலையும் பூந்தியும் கொடுப்போம். அது முடிந்ததும் நல்ல நேரம் பார்த்து, தீபாவளிச் சரக்கின் முதல் லாரி கிளம்பும். முன் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அது நசுங்க வண்டி நகர்ந்தால்தான் மாமாவுக்குச் சீசன் தொடங்கியதாகக் கணக்கு. அந்த வருடம் அதற்கு ஏஜெண்டுப் பெரியப்பாவையும் அழைத்திருந்தார். மகனும் வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். எல்லார் முன்னாலும் வேண்டாம், ஆபீஸ் அறையில் வைத்து ஒரே ஒரு வார்த்தை. சொன்னதும் பெரியப்பா லாரியை அனுப்பச் சொல்வார், மாமா கம்பெனிச் சாவியை மகன் கையில் கொடுப்பார். இதுதான் ஏற்பாடு.

"நீதான் அவனைத் தயார் பண்ணணும். பூஜை முடியுறதுக்குள்ள சொல்லிப்புடு" என்று காரில் ஏறும்போது அத்தை என் முழங்கையைப் பிடித்தார். நான் தலையை ஆட்டினேன். வழியெல்லாம் மனதுக்குள் வாக்கியத்தைச் சரிசெய்துகொண்டே வந்தேன். முன் இருக்கையில் என் கணவர் கண்ணாடி வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். வெயில் கொளுத்தியது. ஒரு மேகம் இல்லை.

பூஜை முடிந்தது. பெண்கள் நல்ல சேலை கட்டிப் பூ வைத்து வந்திருந்தார்கள். குழந்தை ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குப் போய்க்கொண்டே இருந்தாள். பெரியப்பா வெள்ளை வேட்டியும் அங்கவஸ்திரமுமாக வந்து இறங்கினார். என்னைப் பார்த்ததும், "நல்லாருக்கியா தாயி?" என்று அன்பாகத்தான் கேட்டார். என் கணவரின் வணக்கத்தை மட்டும் பார்க்காதவர் போல இருந்தார். லோடு ஏற்றுகிறவர்கள் குடோனிலிருந்து பெட்டிகளைத் தோளில் கொண்டுவந்து லாரியில் அடுக்கத் தொடங்கினார்கள். சக்கரத்தின் அடியில் பழம் காத்திருந்தது.

நான் என் கணவரை வேப்பமரத்துப் பக்கம் கூப்பிட்டேன். "ஒரு விஷயம்..." என்று தொடங்கினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேல், மேற்கே, மலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் திரும்பிப் பார்த்தேன்.

வெள்ளையாக ஒன்று அடுக்கடுக்காக எழும்பி நின்றது. அதன் தலை தட்டையாக விரிந்திருந்தது.

"அதுவா?" என்றேன்.

"அதேதான்" என்றார்.

மணிக்குப் பதிலாக மரத்தில் கட்டியிருந்த தண்டவாளத் துண்டு படபடவென்று ஒலித்தது அப்போதுதான். அடித்தது மாமா. நாங்கள் பார்த்த மேகத்தை அவர் பார்த்தாரா, எங்கள் காதில் விழாத முழக்கம் அவர் காதில் விழுந்ததா, தெரியவில்லை. "பெட்டியை அங்கன அங்கன வச்சிட்டு எல்லாரும் வெளிய வாங்க! குடோனைப் பூட்டு! ரோட்டோரம் ஆபீஸுக்குப் போங்க எல்லாரும்! ஏலே, லாரிக்குத் தார்ப்பாயைப் போட்டுட்டு எறங்கி வாலே!"

பெண்கள் ஓடவில்லை. பழக்கப்பட்ட வேகத்தில் நடந்தார்கள். யாரோ என் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார்கள். பெரியப்பா மட்டும் லாரிப் பக்கத்திலேயே நின்றார்.

"என்ன அண்ணாச்சி, இன்னும் பத்துப் பெட்டிதான? ஏத்திவிட்டா வண்டி போயிரும்லா. ஒரு சொட்டு மழை இல்லை."

"மழைக்கு இல்ல அண்ணாச்சி. மின்னலுக்கு."

"அது மலையில மின்னுது. நல்ல நேரம் போகுது, அடுத்தாப்ல ராகுகாலம்!"

"போகட்டும். வாங்க."

ஆபீஸ் கட்டடம் கம்பெனிக்கு வெகுதூரம் தள்ளி, ரோட்டோரமாக இருந்தது. உள் அறையில் நாங்களும், வராந்தாவில் வேலைக்காரர்களும் அடைந்துகொண்டோம். இடி நெருங்கியது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. ஒவ்வொரு மின்னலுக்கும் எல்லாக் கண்களும் தூரத்தில் தனியாக நின்ற லாரிக்குப் போய்த் திரும்பின. நான் குழந்தையின் காதுகளைப் பொத்தியிருந்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டுச் சிரித்தாள். வெளியே ஒரு பெண், "இன்னைக்கு நான் பட்டுச்சேலை கட்டுனதுதான் தாங்கலை மழைச்சாமிக்கு" என்றாள். இரண்டொருவர் சிரித்து நிறுத்திக்கொண்டார்கள்.

மழை வரவில்லை. காற்று புழுதியை வாரி அடித்தது. முழக்கம் எங்களைத் தாண்டி வெம்பக்கோட்டைப் பக்கம் நகர்ந்து, மெலிந்து, நின்றே போனது. மறுபடி வெயில் வந்தது. நல்ல நேரம் போய்விட்டிருந்தது.

பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே ராசிதான் அண்ணாச்சி. அவன் என் மக நிச்சயத்தைக் கெடுத்தான், நீங்க என் சீசனைக் கெடுத்துட்டீக. வராத மழைக்கு!"

மாமாவின் முகம் கறுத்தது. "அது வேற, இது வேற" என்றார் கடுமையாக. "இது என் சரக்கு. நான் நிறுத்துவேன், நட்டம் என்னோட போகும். அவன் மாசச் சம்பளத்துக்கு இருக்கவன். அடுத்தவன் ப்ளேனை நிறுத்த இவன் யாரு?"

என் கணவர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். வந்ததிலிருந்து அப்பாவிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. "சரக்கு உங்களுதுதான்ப்பா. இந்த வராந்தாவுல நிக்குறவங்க உங்களுதா?"

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்த்தார். 'இப்பவாவது சொல்லு' என்று கண்ணாலேயே தள்ளினார். அதற்குள் பெரியப்பா என் பக்கம் திரும்பிவிட்டார்.

"நீ சொல்லு தாயி. நீ எங்க வீட்டுப் புள்ள, படிச்ச புள்ள. அன்னைக்கு ஒம் புருசன் செஞ்சது சரியா, தப்பா?"

வராந்தாவில் பொரி கொறித்துக்கொண்டிருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். சரி என்றால் பெரியப்பாவின் முகத்தில் அடித்த மாதிரி. தப்பு என்றால் என் கணவரின் வேலை அந்த இடத்திலேயே முடிந்தது. மனைவியே சொன்னாள் என்று மதராஸ் விசாரணைவரை போகும். வழியெல்லாம் சரிசெய்து வைத்திருந்த வாக்கியத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. உண்மையாக என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"எனக்குத் தெரியலை பெரியப்பா."

"தெரியலையா?"

"தெரியலை. அன்னையிலருந்து நெனச்சு நெனச்சுப் பாக்கேன். போயிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுன்னு இப்பத் தெரியுது. அன்னைக்குச் சாயங்காலம் யாருக்குத் தெரியும்? உங்களுக்குத் தெரியுமா?"

கடைசியில் கேட்ட கேள்வியை நான் திட்டமிட்டுக் கேட்கவில்லை. பெரியவர்களிடம் அப்படி நான் பேசியதே இல்லை. அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார்.

என் கணவர் என்னையே பார்த்தார். "எனக்கும் தெரியாது மாமா" என்றார் பெரியப்பாவிடம். "தெரிஞ்சிருந்தா அனுப்பியிருப்பேன். தெரியாததுனாலதான் நிறுத்துனேன். தட்டு மாத்துற நேரத்துல நீங்க இல்லாமப் போனதுக்கு நெசமாவே வருத்தப்படுதேன், எத்தனை தடவை வேணா சொல்லுதேன். நிறுத்துனது தப்புன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

பெரியப்பா அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாரேன் அண்ணாச்சி" என்று காரை நோக்கி நடந்தார். மாமா தடுக்கவில்லை. அந்தச் சீசன் சரக்கை அவர் எங்களிடம் எடுக்கவும் இல்லை. பெட்டிகளைக் கூவிக் கூவி விற்க மாமா பட்ட பாட்டை அந்தத் தீபாவளிவரை தினமும் பார்த்தேன். ஒவ்வொரு நாளும், நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று நினைத்தேன்.

மாமா கம்பெனிச் சாவியை மடியிலிருந்து எடுக்கவே இல்லை. "எலுமிச்சம்பழத்தை எடுத்துப் போடுலே. நாளைக்குப் புதுசா வைப்போம்" என்று டிரைவரிடம் மட்டும் சொன்னார். திரும்பும் வழியில், கார் விருதுநகரை நெருங்கும்போது, எதிரே ரோட்டைப் பார்த்தபடியே மாமா கேட்டார்.

"எறங்க இன்னொரு ஊர் எழுதணும்னு சொன்னியாமே... அது எப்பவுமே எழுதணுமா? மேகம் இல்லாத நாள்லயும்?"

"ஆமாப்பா. எழுதாமக் கெளம்ப முடியாது."

"ம்" என்றார் மாமா. அந்த விஷயத்தில் அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

விசாரணைக்குப் போய் வந்த அன்று என் கணவரின் முகத்திலிருந்து என்னால் எதையும் படிக்க முடியவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் சொன்னார். 'நானாக இருந்தால் போயிருப்பேன். ஆனால் அவர் கையெழுத்துப் போடாததை நான் குறை சொல்ல மாட்டேன்' என்று கேப்டன் சொன்னாராம். அதிகாரிகள் குறை எதுவும் இல்லை என்று முடித்துவிட்டார்கள். பாராட்டும் இல்லை. அடுத்த கோடையில் அங்கீகாரம் வந்தது, கூடவே மதராஸுக்கு மாற்றலும் வந்தது. இப்போது மீனம்பாக்கத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். மகள் ஒன்றாம் வகுப்பு போகிறாள். காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் என்று அவர் மாறி மாறிப் போகிறார். எங்கள் ஓட்டுக்கு மேல் ஒவ்வொரு விமானம் எழும்பும்போதும், அந்தத் தாளில் இருப்பது அவர் கையெழுத்தா என்று எண்ணாமல் என்னால் தோசையைத் திருப்பிப் போட முடிவதில்லை.

போன விடுமுறையில் அத்தை முதல்முறையாக என்னோடும் மகளோடும் விமானத்தில் வந்தார்; அவர் அன்று ஷிப்டில் இருந்தார். ஊழியர் குடும்பத்துக்கு உண்டான பாஸில் மதராஸிலிருந்து மதுரைக்குப் பயணம். நேரமாகியும் விமானத்துக்குக் கூப்பிடவில்லை. ஒருவர் மேஜையைத் தட்டினார். இன்னொருவர், "எவனோ உள்ள தூங்குறான்யா" என்று சத்தம் போட்டார். பொறுப்பில்லாதவர்கள், சோம்பேறிகள் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். நான் ஜன்னல் பக்கம் போய் வானத்தைப் பார்த்தேன். சுத்தமாக வெளுத்துக் கிடந்தது. எந்தத் திசையிலும் ஒரு தட்டைத் தலை இல்லை. நிறுத்துவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் அத்தை என் பக்கம் சாய்ந்து, அந்த ஆட்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"ஏத்தா, நிறுத்துனது நம்ம பயதானா?"

"தெரியலை அத்தை."

அத்தை பையைத் திறந்து, வழிக்கென்று கொண்டுவந்த காரச் சீவலை எடுத்து முதலில் பேத்திக்குக் கொடுத்தார். அடுத்ததாக, தூங்குறான் என்று சத்தம் போட்டவரிடம் நீட்டினார்.

"சாப்பிடுங்க தம்பி. எப்பக் கெளம்புமோ."